நான் தொடுவது தெரிகிறதா?

பனிமலையில் அடிபட்டுக் கிடப்பவரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. பெயர் என்ன, எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தீர்கள், தலையில் அடிபட்டதா. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அவருடைய கையையும் காலையும் லேசாகத் தொட்டு, "நான் தொடுறது தெரியுதா?" என்று கேட்க வேண்டும். 'தெரியுது' என்று பதில் வரும்வரை கழியும் ஒன்றிரண்டு விநாடிகள்தான் இந்த வேலையில் எனக்கு மிக நீளமானவை. அதற்கான காரணம் இந்த மலையில் இல்லை. தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிட்ராய்ட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சின்னப் பனிச்சறுக்கு மலை ஒன்றில் நான் தன்னார்வ ரோந்துக்காரி. அங்கே இதை ஸ்கீ பேட்ரோல் என்பார்கள். முதுகில் வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்பு ஜாக்கெட், இடுப்பில் முதலுதவிப் பை, நெஞ்சில் வாக்கிடாக்கி. சனிக்கிழமை காலையில் எல்லோரும் கூடி அன்றைக்கு யாருக்கு எந்தச் சரிவு என்று பிரித்துக்கொள்வோம். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குத் தோட்டத்துப் பெரட்டுதான் ஞாபகம் வந்தது. என்ன, இங்கே கிராணி பெயர் போடுவதில்லை, சம்பளமும் கிடையாது.

மலை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 300 அடிதான் வித்தியாசம். பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிய கால்களுக்கு இது பெரிய உயரம் இல்லை. பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன மண்மேடு அது. வானம் கொடுக்கும் பனியும் போதாது. இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கியதும் இயந்திரங்கள் தண்ணீரை நுண்துளிகளாகப் பீய்ச்சி அடிக்கும். அவை தரையைத் தொடுவதற்குள் உறைந்து பனியாகிவிடும். பகலில் லேசாக உருகி இரவில் மறுபடி இறுகும்போது சரிவு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மலை சின்னது என்பதற்காக அதில் விழும் அடியும் சின்னதாக இருக்காது.

*

வேலைக்காக 2014-இல் மிச்சிகன் வந்தேன். வந்த வருடம் குளிர்காலம் முழுக்க ஜன்னலுக்குள் இருந்தபடியே பனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஒரு தோழி, "ஆறு மாசம் திட்டிக்கிட்டே வாழ முடியாது, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். வளர்ந்தபிறகு ஸ்கீ கற்றுக்கொள்வது சைக்கிள் கற்றுக்கொள்வது மாதிரி இல்லை. பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போகும். நாம் பிட்டத்தில் இறங்கிக்கொண்டிருப்போம்.

மூன்றாவது வருடம் ஒரு திருப்பத்தில் விழுந்து முட்டி பிசகிவிட்டது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். பனியில் முட்டி போட்டு, காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அட்டையை மடித்துக் காலுக்கு அண்டைகொடுத்துக் கட்டி, டொபோகன் என்கிற சறுக்குப் படுக்கையில் என்னைக் கிடத்தி இறக்கிக்கொண்டு போனார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இதற்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டேன். சிரித்தார். ஒன்றும் தரமாட்டார்கள், நாங்கள்தான் சந்தா கட்டுகிறோம், ஜாக்கெட்டும் சொந்தக் காசு என்றார்.

இதை அம்மாவிடம் சொன்னது தப்பாகப் போய்விட்டது. நானும் சேரப்போகிறேன் என்றபோது போனில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை.

"ஏம் பாப்பா, அவ்ளோ தூரம் போயி, கம்ப்யூட்டர் வேலையும் பாத்துக்கிட்டு, அடிபட்டவங்கள தூக்குற வேலையா?"

"ஆமாம்மா."

"காசும் குடுக்க மாட்டாங்க?"

"மாட்டாங்க."

"நீயே காசு கட்டிப் போயி தூக்கணும்?"

"ஆமா."

"ஒங்கப்பாவத் தூக்குனது பத்தாதா நமக்கு" என்றார் அம்மா. பிறகு, "சரி, பசியாறிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

*

அப்பா 2003-இல் விழுந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது.

செம்பனை மரம் வயதாகி உயர்ந்துவிட்டால் நீளமான கம்பின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டித்தான் குலையை அறுக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தபடியே செய்யும் வேலை. ஒரு குலை இருபது கிலோ இருக்கும். அன்று அறுந்த குலை மட்டையில் பட்டுத் திசைமாறி அப்பாவின் பிடரியில் இறங்கியது. அப்படியே பக்கத்திலிருந்த கால்வாய்க்குள் விழுந்தார். கூட இருந்தவர் சித்தப்பா மட்டும்தான். அவர் அப்பாவைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு செம்மண் சடக்குவரை நடந்து, பழம் ஏற்ற வந்த லோரியின் பின்னால் கிடத்திக் கொண்டுவந்தார்.

மருத்துவமனையில் யாரோ ஒருவர், "ஏன் இப்படித் தூக்கிட்டு வந்தீங்க? கழுத்துல அடிபட்டவங்கள அசைக்கக்கூடாதுன்னு தெரியாதா?" என்று கேட்டார். கேட்டவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி எங்களோடு வீட்டுக்கு வந்தது. அப்பா அதன்பிறகு ஏழு வருடம் படுக்கையில் இருந்து 2010-இல் இறந்தார். சித்தப்பா வீட்டுக்கு வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. யாரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வரும்போது அம்மா தேநீர் கொடுப்பார். பிஸ்கட்டும் வைப்பார். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். நானும் அப்படித்தான் இருந்தேன். 'அவர் தூக்காமல் இருந்திருந்தால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் முடிக்கப்படாமலே பல வருடம் கிடந்தது.

*

2021 செப்டம்பரில் முதலுதவி வகுப்பில் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு மாலைகள், டிசம்பர்வரை. தடிமனான பாடப்புத்தகம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவது, தொடை எலும்பை இழுத்துக் கட்டும் கருவியைப் பொருத்துவது, ரத்தப்போக்கை நிறுத்துவது, உடல் விறைத்துப்போனவரைச் சூடேற்றுவது, நெஞ்சை அழுத்தி இதயத்தை இயங்கவைப்பது. ஸ்னோபோர்டில் விழுகிறவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வார்கள். ஸ்கீயில் விழுகிறவர்களுக்கு முட்டிதான் போகும். இப்படி ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதற்கே உரிய அடி இருக்கிறது.

இந்த அமைப்பு தொடங்கிய கதையையும் அங்கேதான் கேட்டேன். 1936 தொடக்கத்தில் சார்ல்ஸ் மினாட் டோல் என்கிற காப்புறுதித் தரகர் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவ் மலையில் ஸ்கீயில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். மலையில் உதவிக்கு என்று ஒருவரும் இல்லை. நண்பர்கள் அலைந்து திரிந்து, கூரைக்குப் போடும் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் கிடத்தித்தான் அவரை இறக்கினார்கள். சில வாரங்களில் அவருடைய நண்பர் ஃபிராங்க் எட்சன் ஒரு ஸ்கீ பந்தயத்தில் அடிபட்டு இறந்துபோனார். டோல் விபத்துகளைப் பற்றித் தகவல் திரட்ட ஆரம்பித்தார். 1938-இல் தேசிய அளவிலான ஸ்கீ ரோந்து அமைப்பு அவர் தலைமையில் உருவானது. ஒடிந்த ஒரு காலும் இறந்துபோன ஒரு நண்பரும்தான் அதற்கு மூலதனம்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அந்த நண்பரின் சாவைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தகரம்தான் மனதில் நின்றது. எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் கோழிக்கூண்டின் மேலும் ஒரு தகரம் கிடந்தது. அப்பா விழுந்த இடத்தில் ஒரு தகரம் இருந்திருந்தால் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதுகெலும்புப் பாடம் அக்டோபரில் வந்தது. தலைமாட்டில் முட்டி போட்டு, இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். பிடித்தவர் விடக்கூடாது. புரட்டுவதோ தூக்குவதோ அவர் எண்ணும் எண்ணிக்கைக்குத்தான் நடக்க வேண்டும். கழுத்துப்பட்டை, பலகை, வார்கள், குறைந்தது நான்கு பேர். பாடம் முடிந்தபிறகு பயிற்றுநரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். ஒருவரைத் தோளில் தூக்கிப்போட்டு, லோரியில் கொண்டுபோனால், அதனால்தான் கால் போயிருக்குமா?

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். தண்டுவடத்துக்கான அடி பெரும்பாலும் விழுந்த அந்தக் கணத்திலேயே விழுந்துவிடுகிறது. பிறகு வீக்கம், மூச்சுக் குறைவு, ரத்த அழுத்தம் இறங்குவது, அசைவு எல்லாம் சேர்ந்து அதை மோசமாக்கலாம். எது எவ்வளவு என்று ஒருவருடைய விஷயத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். "அந்த ஆள் யார்?" என்று கேட்டார். "தெரிஞ்சவர்" என்றேன்.

எனக்கு ஆமாம் என்ற பதிலோ இல்லை என்ற பதிலோ போதுமாக இருந்திருக்கும். கோபத்தை வைத்துக்கொள்ளவும் ஒரு பதில் வேண்டும், விட்டுவிடவும் ஒரு பதில் வேண்டும். கிடைத்தது இரண்டுக்கும் உதவாதது.

*

வகுப்பு முடிந்தபிறகு மலைப்பயிற்சி. டொபோகனின் முன்னால் இரண்டு நீளக் கைப்பிடிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே நின்று ஸ்கீகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, விளிம்பைப் பனியில் அழுத்தி, பக்கவாட்டாகச் சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். நாம் வண்டியை இழுப்பதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே போகிறோம். முதல் தேர்வில் நான் தேறவில்லை. வண்டி என்னை முந்தப் பார்த்தது. நானும் பயந்து கைப்பிடியைத் தூக்கிவிட்டேன். கைப்பிடியை இறக்கினால்தான் வண்டிக்கு அடியிலிருக்கும் சங்கிலி பனியைக் கவ்வும். தூக்கினால் வேகம் கூடும். பயத்தில் உடம்பு செய்வதெல்லாம் தலைகீழாகத்தான் இருக்கும் போல.

பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதில் நோயாளியாகப் படுக்க வேண்டும். என் முறை வந்தது. கம்பளி சுற்றி, வார்போட்டுக் கட்டினார்கள். தலையைத் திருப்ப முடியாது. தெரிவதெல்லாம் வெள்ளை வானம் மட்டும். முதுகுக்கு அடியில் பனி கரகரவென்று உராயும் சத்தம். எங்கே போகிறோம், எப்போது திரும்பும், எவ்வளவு தூரம் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. முன்னால் இழுப்பவர் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டியது. லோரியில் படுத்துக்கொண்டு வந்த அப்பாவுக்குச் செம்பனை மட்டைகளும் வானமும்தான் தெரிந்திருக்கும். அதுவரை நான் அந்தப் பயணத்தைத் தூக்கியவர் பக்கமிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். தூக்கப்பட்டவர் பக்கமிருந்து ஒருமுறைகூட யோசித்ததில்லை.

கீழே வந்ததும் என்னைத் தூக்கி உட்காரவைத்து, எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "பேசிக்கிட்டே வாங்க" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து நான் இழுக்கும்போது வாய் மூடுவதே இல்லை. இப்போ இடதுபக்கம் திரும்புறோம், ஒரு மேடு வருது, இன்னும் கொஞ்ச தூரம்தான். தபால்காரர் என்னை 'ரேடியோ' என்று கூப்பிட ஆரம்பித்தார். இரண்டாம் முறை தேறினேன்.

*

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு. விளக்கு வெளிச்சத்தில் சரிவு பளபளத்துக்கொண்டிருந்தது. வாக்கிடாக்கியில் 'டென்-ஃபிஃப்டி' என்று வந்தது. விபத்து என்று அர்த்தம். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

பதிமூன்று, பதினாலு வயதுப் பெண். ஸ்னோபோர்டில் தாவி, முதுகு அடிபட விழுந்திருந்தாள். மேலிருந்து வருகிறவர்கள் விலகிப்போவதற்காக என் ஸ்கீகளைக் கழற்றிப் பெருக்கல் குறிபோல நட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவளுடைய அம்மா வந்துவிட்டார். மகளின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார்.

"கையை எடுங்க! தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த அம்மா கையை எடுத்துவிட்டார். எடுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பலகையும் டொபோகனும் வந்தன. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அவளுடைய கையைத் தொட்டு, காலைத் தொட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "தெரியுது, ஆனா மரத்த மாதிரி இருக்கு" என்றாள். நான் எண்ணினேன், புரட்டினோம், கட்டினோம், இறக்கினோம். கிட்டத்தட்ட அரை மணி நேரம் அவள் தலை என் கைகளுக்குள் இருந்தது. பிறகு ஆம்புலன்ஸ் கதவு சாத்திக்கொண்டது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பெரும்பாலும் தெரியவராது. ஆம்புலன்ஸோடு எங்கள் கதை முடிந்துவிடும்.

ரோந்து அறையில் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது தபால்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தாய் என்றார். பிறகு, "அந்த அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கலாம். தொடாதே என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே தொடலாம் என்று சொல்ல வேண்டும். கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிட்டே இருங்கன்னா பேசிட்டு இருந்திருப்பாங்க" என்றார்.

அன்று இரவு கடைசிச் சுற்றில் எனக்கு மரங்களை ஒட்டிய சரிவு. மலை மூடியதும் ஒவ்வொரு சரிவிலும் ஒருவர் மெதுவாக இறங்கி, யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இடையிடையே நின்று குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். அந்த அம்மாவின் கைகள் கண்ணிலேயே நின்றன. அவருக்குக் குறைந்தபட்சம் கத்துவதற்கு நானாவது இருந்தேன். சித்தப்பாவுக்கு எங்கே தொடலாம் என்று சொல்ல அந்தச் செம்பனைக் காட்டில் யார் இருந்தார்கள்?

*

மறுநாள் காலை, மலேசியாவில் இரவு ஒன்பது மணி, சித்தப்பாவை அழைத்தேன். தோட்டம் விற்கப்பட்டபிறகு அவர் கிள்ளானுக்கு வந்து ஒரு குடியிருப்பில் காவலாளியாக இருக்கிறார். நானாக அவரை அழைத்தது அதுதான் முதல்முறை.

"யாருக்கு என்னம்மா?" என்றார் பதறிப்போய்.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா. அப்பா விழுந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"யாருமே கேக்கல பாப்பா" என்றார். "இருபது வருசம் ஆச்சு."

பிறகு சொன்னார். "அண்ணன் கால்வாயில குப்புறக் கெடந்தாரு. மூக்கு வரைக்கும் தண்ணி. பெரட்டினேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. 'டேய், என் காலு எங்கடா'ன்னாரு. 'இந்தா இருக்குண்ணே'ன்னு தொட்டுக் காட்டினேன். 'தொடுறியா?'ன்னு கேட்டாரு. நான் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு இருக்கேன் பாப்பா, அவரு தொடுறியான்னு கேக்குறாரு."

நான் எதுவும் பேசவில்லை.

"ஆள் தேடிப் போலாம்னு நெனச்சேன். மழ வேற புடிச்சிருச்சு. அண்ணன் 'விட்டுட்டுப் போயிடாதடா'ன்னாரு. அதான் தூக்கிட்டேன்."

மூக்குவரை தண்ணீர். மூச்சு முதலில், முதுகெலும்பு பிறகு. இது வகுப்பின் முதல் வாரப் பாடம். எந்தப் பயிற்றுநரும் அவரைப் புரட்டாதே என்று சொல்லியிருக்கமாட்டார். ஆனால் என் மூளையின் இன்னொரு மூலை அப்போதும் கணக்குப் போட்டது: அவர் புரட்டியபிறகுதான் அப்பா காலைக் கேட்டார். புரட்டுவதற்கு முன்பு கால் இருந்ததா? தெரியாது. அதற்குப் பதில் சொல்ல முடிந்த ஒருவர் இப்போது இல்லை.

"தப்பா தூக்கிட்டேனா பாப்பா? நீ அங்க அதுக்குத்தான் படிக்கிறியாமே, ஒங்கம்மா சொன்னாங்க."

அடிபட்டவரிடம் பொய் ஆறுதல் சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்லக்கூடாது. நான் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

"யாருக்கும் தெரியாது சித்தப்பா. டாக்டருக்கும் தெரியாது. ஆனா நீங்க பெரட்டலன்னா அவரு அந்தத் தண்ணியிலயே போயிருப்பாரு. தூக்குறதுக்கு நாலு பேரும் ஒரு பலகையும் வேணும். நீங்க ஒரு ஆளு" என்றேன். "நீங்க விட்டுட்டுப் போகல."

அவர் அழுதாரா என்று தெரியவில்லை. "சரிம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

*

அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மூக்குவரை தண்ணீர் என்பதை அவர் இரண்டு முறை திரும்பச் சொல்லவைத்தார். சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். அம்மா தேநீர் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்து, "சீனி போதுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள், நான் பனியில் செய்யும் வேலையைக் காட்டச் சொல்லி நச்சரித்தார்கள். கூடத்தில் பாயை விரித்தேன். பெரியவனை நோயாளியாகப் படுக்கவைத்தேன். இடுப்புப் பக்கம் ஒருவர், கால் பக்கம் ஒருவர், தோள் பக்கம் நான் என்று ஆட்களைப் பிரித்தேன். தலையைப் பிடிக்க ஆள் வேண்டும். தலையைப் பிடிப்பவர்தான் எண்ண வேண்டும், அவர் சொல்லாமல் யாரும் அசைக்கக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வந்தார். முட்டி வலியோடு மெல்லக் கீழே இறங்கி, பேரனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். குலை அறுத்துக் காய்ப்பேறிய இரண்டு கைகளையும் அவன் காதுகளின் இருபக்கமும் வைத்தார்.

"இப்படியா?" என்றார்.

"விரலக் கொஞ்சம் விரிங்க சித்தப்பா. ஆங். அப்படித்தான்."

"விடக்கூடாது?"

"நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

தலையாட்டினார். நாங்கள் எல்லோரும் அவர் எண்ணுவதற்காகக் காத்திருந்தோம்.